பட்டப்பகலில் வரும் ஆவி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கௌபாய் படம் என்றால் வெயில், புழுதி, குதிரை. கோதிக் என்றால் இருண்ட பங்களா, மழை, ஆவி. இரண்டும் சேர்ந்த பழைய படம் உண்டா? ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், ‘ஹை ப்ளெய்ன்ஸ் டிரிஃப்டர்’. 1973இல் வந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்து அவரே இயக்கியது. இயக்குநராக அவருக்கு இரண்டாவது படம், அவர் இயக்கிய முதல் வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம்.

கோதிக் என்றாலே இருட்டும் மழையும் கட்டாயம் என்று நினைத்துக்கொள்கிறோம். என் கட்சி வேறு. ஓர் இடம் வேண்டும், அங்கே எல்லோரும் சேர்ந்து மறைத்த ஒரு விஷயம் வேண்டும், அது ஒருநாள் எழுந்து வந்து கணக்குக் கேட்க வேண்டும். இது மூன்றும் இருந்தால் பங்களா தேவையில்லை, ஊரே பங்களாதான். இந்தப் படத்தில் பாதிக்கு மேல் கண் கூசும் வெயில், ஆனாலும் பார்க்கும்போது முதுகு சில்லிடும்.

ஏரிக்கரையில் லாகோ என்று ஒரு சின்னச் சுரங்க ஊர். கானலுக்குள்ளிருந்து பெயர் தெரியாத ஒருவன் குதிரையில் வருகிறான். முதலில் அது ஆளா, கானல் அசைகிறதா என்றே தெரியாது. ஊருக்குள் அவன் நுழையும்போது வசனம் கிடையாது, குளம்புச் சத்தம் மட்டும்தான். வாசலில், சன்னலில், கடைத் திண்ணையில் எல்லாம் முகங்கள். அப்போது ஒரு வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்குகிறான். எதற்கும் அசராதவன் போல வந்த ஆள் அந்தச் சத்தத்துக்கு மட்டும் விருட்டென்று திரும்பிப் பார்க்கிறான். முதல் தடவை பார்க்கும்போது இதை நாம் கவனிக்கக்கூட மாட்டோம். கதை முழுக்கத் தெரிந்த பிறகு திரும்பப் பார்த்தால் அந்த இடத்தில் வயிறு கலங்கும்.

ஏனென்றால் ஜிம் டங்கன் என்ற மார்ஷலை, அதாவது ஊரின் காவல் அதிகாரியை, இதே தெருவில் மூன்று பேர் சாட்டையால் அடித்தே கொன்றிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் சுற்றி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் இருப்பது அரசாங்க நிலத்தில் என்பதை மார்ஷல் கண்டுபிடித்துவிட்டார், மேலிடத்துக்குச் சொல்லப் போகிறார். சொன்னால் சுரங்கம் போகும், ஊரின் பிழைப்பு போகும். அதனால் ஊரே காசு கொடுத்து ஆள் வைத்துக் கொன்றது. கொன்ற கூலிகளையும் பிறகு திருட்டு வழக்கில் மாட்டிச் சிறைக்கு அனுப்பிவிட்டது. இப்போது அந்த மூவரும் விடுதலையாகி வருகிறார்கள், ஊர் நடுங்குகிறது. வந்த அந்நியனிடம், என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள், எங்களைக் காப்பாற்று என்கிறார்கள்.

அவனும் எடுத்துக்கொள்கிறான். ஊரில் எல்லோரும் மட்டம் தட்டும் மார்டகாய் என்ற குள்ள மனிதரை ஷெரிஃபாகவும் மேயராகவும் ஆக்குகிறான். ஹோட்டலில் தங்கியிருப்பவர்களை எல்லாம் வெளியே அனுப்புகிறான். விருந்து மேசை செய்யக் களஞ்சியத்தையே பிரிக்கச் சொல்கிறான். கடைசியில், ஊர் முழுவதும் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள் என்கிறான். தேவாலயத்துக்குமா என்று பாதிரியார் கேட்க, முக்கியமாக அதற்குத்தான் என்று பதில் வருகிறது. ஊரின் பெயர்ப் பலகையில் லாகோவை அடித்து ‘நரகம்’ என்று எழுதுகிறான். சாகும்போது மார்ஷல் வாயிலிருந்து வந்த சாபம், நீங்கள் எல்லோரும் நரகத்துக்குப் போங்கள் என்பதுதான். அந்தச் சாபத்தை ஊர்க்காரர்கள் கையாலேயே, அவர்கள் செலவிலேயே, பட்டப்பகலில் பெயின்ட் அடிக்க வைக்கிறான். எத்தனையோ ஆவிப் படங்கள் பார்த்தாயிற்று, இதைவிடப் பயங்கரமான பழிவாங்கலை நான் பார்த்ததில்லை.

கேள்வி: அப்படியானால் அவன் ஆவியா, மனிதனா? மார்ஷலின் தம்பி என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: நண்பர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. முதலில் எழுதிய திரைக்கதையில் அவன் சகோதரன்தான். ஈஸ்ட்வுட் அந்த வரியை எடுத்துவிட்டார், தெளிவாகச் சொல்லாமல் விடுவதே நல்லது என்று அவர் நினைத்தார். எனக்கு அது படத்தைக் காப்பாற்றிய முடிவு என்றே படுகிறது. தம்பி என்று சொல்லியிருந்தால் இது ஒரு குடும்பப் பழிவாங்கல் கதை, பார்த்துவிட்டு எழுந்து போய்விடலாம்.

படத்துக்குள்ளேயே தடயங்கள் போதுமான அளவு இருக்கின்றன. ஹோட்டல் அறையில் தூங்கும்போது மார்ஷல் அடிபட்டுச் சாவதை அவன் கனவில் காண்கிறான். கூட இருந்து பார்க்காத ஒருவனுக்கு அந்தக் கனவு எப்படி வரும்? அப்புறம் ஒரு நுணுக்கம்: அடிபடும் மார்ஷலாக நடித்தவர் படி வான் ஹார்ன், ஈஸ்ட்வுட்டுக்கு வழக்கமாக டூப் போடுகிற சண்டைக் கலைஞர். உடல்வாகு அதேதான், முகம் மட்டும் இருட்டிலும் ரத்தத்திலும் சரியாகப் பிடிபடாது. அவனேதானோ, இல்லையோ என்று நம் கண்ணே தடுமாறுகிறது. வசனத்தால் செய்திருந்தால் இத்தனை அழுத்தமாக விழுந்திருக்காது.

ஹோட்டல்காரரின் மனைவி சாரா ஓரிடத்தில், பெயர் எழுதிய கல் இல்லாவிட்டால் இறந்தவர்கள் நிம்மதியாக உறங்க மாட்டார்களாம் என்கிறாள். மார்ஷலின் கல்லறைக்கு அப்போது பெயர் கிடையாது. எல்லாம் முடிந்து அவன் ஊரைவிட்டுப் போகும்போது மார்டகாய் கல்லறைக்குப் பெயர் செதுக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியவே இல்லையே என்கிறார். உனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவன் நகர்கிறான், கேமரா செதுக்கிய பெயருக்கு வருகிறது. இதற்குப் பிறகும் தம்பிதான் என்று நண்பர் நினைத்தால் நினைக்கட்டும், அப்படிப் பார்க்கவும் படம் தடை சொல்லவில்லை. என் ஓட்டு ஆவிக்குத்தான்.

கேள்வி: அந்த ஊர் உண்மையான ஊரா, செட்டா? ஏரியைப் பார்த்தாலே ஏதோ வேற்றுக் கிரகம் மாதிரி இருந்தது.

பதில்: செட்தான். கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே இருக்கும் மோனோ ஏரிக்கரையில் கட்டினார்கள். கலை இயக்குநர் ஹென்றி பம்ஸ்டெட். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’, ‘தி ஸ்டிங்’ இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர், பின்னாளில் ஈஸ்ட்வுட்டின் ‘அன்ஃபர்கிவன்’ படத்திலும் வேலை செய்தார். வழக்கமாக வெஸ்டர்ன் செட் என்றால் முன்பக்கம் மட்டும் நிற்கும், உள்ளே நடப்பதை ஸ்டூடியோவில் எடுப்பார்கள். இங்கே வீடுகளை உள்ளும் புறமுமாக முழுசாகக் கட்டினார்கள், அதனால் உள்காட்சிகளையும் அங்கேயே எடுக்க முடிந்தது. பார்பர் கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பின்னால் சன்னலில் தெருவும் தெரிகிறது பாருங்கள், அதெல்லாம் அதனால் கிடைத்தது. ஊரில் எங்கே நின்றாலும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு படம் முழுக்க விலகாது.

ஏரியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கடல்நீரைவிட உப்பு அதிகம், மீன் வாழாது, உப்பு இறாலும் ஒருவகை ஈயும்தான். சுண்ணாம்புப் பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1941 முதல் இந்த ஏரிக்கு வரும் ஓடைகளைத் தன் குடிநீருக்குத் திருப்பிக்கொண்டது, ஏரி வற்றத் தொடங்கியது. படம் எடுத்த காலத்திலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வழக்கு நடந்து, ஏரிக்கு இவ்வளவு தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்ற உத்தரவு 1994இல்தான் வந்தது. சிவப்பு ஊருக்குப் பின்னால் அந்த வெளிறிய நீலத்தையும் உப்பு பூத்த கரையையும் பார்க்கும்போது, தன் பிழைப்புக்காக எதையும் காவு கொடுக்கும் ஊர்க் கதைக்கு இந்த இடம் எப்படித்தான் அமைந்ததோ என்று தோன்றும்.

கேள்வி: எல்லாம் சரி. ஆனால் ஊருக்கு வந்த சிறிது நேரத்தில் அவன் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்கிறானே. இதை எப்படிப் பாராட்டுகிறீர்கள்?

பதில்: அந்தக் காட்சியை நான் பாராட்டவில்லை, யாரும் பாராட்டக் கூடாது. பழிவாங்க வந்த ஆவிக்கு நல்லவனாக இருக்கும் கடமை இல்லை, அவன் நாயகனே இல்லை, அந்த ஊருக்கு ஏற்ற தண்டனை அவன், என்றெல்லாம் சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த அளவுக்கு எனக்கும் ஒப்புதல்தான். பட்டப்பகலில், ஊர் நடுவில் நடக்கிறது, ஒருவரும் தடுக்கவில்லை. மார்ஷல் அடிபட்டபோதும் ஊர் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றது என்பது பிறகு புரிகிறது. ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் பிறகு கோபம் தாங்காமல் துப்பாக்கியோடு வந்து சுடுகிறாள், அவன் குளியல் தொட்டித் தண்ணீருக்குள் முங்கித் தப்பிக்கிறான். அதற்குப் பிறகு அவனும் மார்டகாயும் பேசும் இரண்டு வரிகள் அவள் கோபத்தையே கேலிக்கூத்தாக்குகின்றன. அது பாத்திரத்தின் கொடுமை அல்ல, படத்தின் கொடுமை, பார்ப்பவர்களைச் சிரிக்கச் சொல்லும் கொடுமை. அக்காலத்து வெஸ்டர்ன்களில் இது சகஜம் என்பது விளக்கமாகலாம், மன்னிப்பாகாது. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும், அவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. மேலே சொன்ன காரணமே போதும், சாட்டையடிக் காட்சி வேறு இருக்கிறது.

கேள்வி: ஜான் வெய்னுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லையாமே?

பதில்: ஆமாம். அமெரிக்க மேற்கில் குடியேறி அதை உருவாக்கிய மக்கள் இப்படிப்பட்டவர்கள் இல்லை என்று, வெஸ்டர்ன் படங்களின் பெரிய நட்சத்திரமான வெய்ன் தனக்குக் கடிதம் எழுதியதாக ஈஸ்ட்வுட்டே சொல்லியிருக்கிறார். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1952இல் ‘ஹை நூன்’ வந்தது. மார்ஷலைக் கொல்ல ரவுடிகள் வருகிறார்கள், உதவி கேட்டு அவர் வீடு வீடாகப் போகிறார், ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஊரின் துணை இல்லாமலே எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவர் தன் சட்டையில் இருந்த நட்சத்திர பேட்ஜைக் கழற்றிப் புழுதியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். வெய்னுக்கு அந்தப் படத்தின் மேல் அப்படி ஒரு ஆத்திரம், அமெரிக்காவுக்கே எதிரான படம் என்றார். அவரும் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸும் அதற்குப் பதிலாகவே 1959இல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார்கள்.

என்னைக் கேட்டால் ‘ஹை ப்ளெய்ன்ஸ் டிரிஃப்டர்’ அந்த வாக்குவாதத்தின் அடுத்த சுற்று. ‘ஹை நூன்’ ஊர் கோழை, அவ்வளவுதான். லாகோ அதற்கும் மேலே போய்க் காசு கொடுத்துக் கொல்கிறது. முதல் மார்ஷல் உயிரோடு போய்விட்டார், இரண்டாமவர் புதைக்கப்பட்டு எழுந்து வருகிறார். வெய்னுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை, அவர் வாழ்நாள் முழுக்க நடித்துக் காட்டிய மேற்கின் அடித்தளத்தையே இந்தப் படம் தோண்டுகிறது. ஊர் செழித்தது எந்த நிலத்தில், அதை மறைக்க யார் செத்தார்கள் என்று கேட்கிறது. அந்நியன் கடைக்குப் போய் முதலில் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். கடைக்காரன் விரட்டிய செவ்விந்தியக் கிழவருக்குப் போர்வையும் அவருடன் வந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் ஜாடியையும் தூக்கிக் கொடுக்கிறான். யாரும் பேசாத ஒரு நிமிடம்தான். இந்த மண்ணில் மறைக்கப்பட்ட கணக்கு ஒரு மார்ஷலோடு முடியவில்லை என்பதை அங்கேயே சொல்லியாயிற்று.

கேள்வி: கதை ஏதோ உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதியது என்று கேள்விப்பட்டேன்.

பதில்: திரைக்கதை எர்னஸ்ட் டைடிமன், ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ எழுதி ஆஸ்கர் வாங்கியவர். 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் தன் வீட்டருகே இரவில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது, நாடே அதிர்ந்தது. டைடிமனுக்குப் பொறி தட்டியது அந்தச் செய்தியில்தான் என்பார்கள். அந்தச் செய்தியே மிகைப்படுத்தப்பட்டது, அத்தனை பேர் முழுதாகப் பார்க்கவில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது, பத்திரிகையும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நிழலுருவங்கள் படத்துக்குள் வந்துவிட்டன. கொலைக் காட்சியில் சாட்டை அடிப்பவர்களைவிட ஓரத்தில் நிற்கும் முகங்களைத்தான் அதிகம் காட்டுகிறார்கள், ஓடிவந்து தடுக்கப் பார்த்தவள் சாரா மட்டும்தான், அவளையும் கணவன் பிடித்து இழுத்துக்கொள்கிறான்.

கேள்வி: ஆரம்பத்தில் வரும் அந்த ஊளை மாதிரியான சத்தம்?

பதில்: இசை டீ பார்டன். ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழுவில் டிராம்போனும் டிரம்ஸும் வாசித்தவர். அந்தக் கானல் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், வெறும் குதிரைக்காரன்தான் தெரிவான். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் வேறு படம்.

கேள்வி: இதைவிட இருட்டாக, நிஜமாகவே ராத்திரி, காற்று, மணியோசை எல்லாம் உள்ள வெஸ்டர்ன் உண்டா?

பதில்: உங்களுக்காகவே எடுத்த மாதிரி ஒன்று இருக்கிறது. இத்தாலியில் 1970இல் வந்த ‘அண்ட் காட் செட் டு கெய்ன்’. இயக்கியவர் அன்டோனியோ மார்கரிட்டி, அதற்கு முன் ‘காசில் ஆஃப் பிளட்’ போன்ற அசல் கோதிக் பேய்ப் படங்களை எடுத்துத் தள்ளியவர். அங்கே பழகிய கையை அப்படியே வெஸ்டர்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். கிளாஸ் கின்ஸ்கி செய்யாத குற்றத்துக்குப் பத்து வருடம் கல்லுடைத்துவிட்டு வெளியே வருகிறார், தன்னை மாட்டிவிட்டவனைத் தேடி அவன் ஊருக்குப் போகிறார். அன்று ராத்திரி சூறாவளி. படத்தின் பெரும்பகுதி அந்த ஒரே ராத்திரிதான். ஊருக்கு அடியில் பழைய சுரங்கப் பாதைகள், அவற்றின் வழியாக இங்கே மறைந்து அங்கே எழுகிறார், காற்றில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கின்ஸ்கி என்றாலே கத்தல், வெறி என்று பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் காத்திருக்கிறது, மனிதர் அதிகம் பேசவே மாட்டார். கதையில் புதிதாக ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த வீடு, அதில் கண்ணாடிகள் நிறைந்த அறை, கடைசியில் நெருப்பு எல்லாம் சேரும்போது குதிரையும் தொப்பியும் இருப்பதே மறந்துபோகும்.

சவப்பெட்டியைக் கயிற்றில் கட்டிச் சேற்றில் இழுத்துக்கொண்டு ஒருவன் நடந்தே வரும் செர்ஜியோ கோர்புச்சியின் ‘ஜாங்கோ’வை (1966) நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். வன்முறை காரணமாகப் பிரிட்டனில் 1993 வரை அதற்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. சேறு, சவப்பெட்டி, சிவப்பு முகமூடிகள், கல்லறைத் தோட்டத்தில் முடிவு என்று ஜாமான் எல்லாம் கோதிக்தான். உள்ளே ஓடுவது என்னவோ அதிரடிப் படம்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது கறுப்பு வெள்ளையில் 1947இல் வந்த ‘பர்சூட்’. ராவோல் வால்ஷ் இயக்கம், ராபர்ட் மிச்சம் நாயகன். சின்ன வயதில் தரைப் பலகைக்கு அடியில் ஒளிந்திருந்தபோது பார்த்த ஏதோ ஒன்று, பளிச்சென்று மின்னும் குதிரை முள் மாட்டிய பூட்ஸ், அது மட்டும் கனவில் திரும்பத் திரும்ப வருகிறது, என்ன நடந்தது என்பது நினைவில் இல்லை. எடுத்து வளர்க்கும் தாயாக ஜூடித் ஆண்டர்சன். ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’வில் அந்த வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸாக வந்து நம்மை உறையவைத்தாரே, அவரேதான். ஒளிப்பதிவு ஜேம்ஸ் வோங் ஹவ். நிலா வெளிச்சத்தில் பெரிய பாறைச் சுவருக்குக் கீழே எறும்பளவில் ஒருவன் குதிரையில் போவதை எடுத்திருக்கிறார், அந்தப் பாறையே அவனைத் துரத்துகிற மாதிரி இருக்கும். இத்தனை நல்ல படம் ஏன் இன்னும் சிலருக்கு மட்டுமே தெரிந்த படமாக இருக்கிறது என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

கேள்வி: ஈஸ்ட்வுட்டின் ‘பேல் ரைடர்’ இதன் இரண்டாம் பாகமா?

பதில்: இல்லை. 1985இல் வந்தது, அதிலும் எங்கிருந்தோ ஒருவன் வருகிறான், முதுகில் குண்டு பட்ட பழைய தழும்புகள், பிழைத்திருக்க வாய்ப்பே இல்லாத தழும்புகள். அதனால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். ஆனால் அங்கே நாய்க்குட்டியைப் புதைத்துவிட்டு ஒரு சிறுமி செய்யும் பிரார்த்தனைக்குப் பதிலாக அவன் வருகிறான், ஏழைச் சுரங்கத் தொழிலாளிகள் பக்கம் நிற்கிறான். லாகோவுக்கு வந்தவனை யாரும் பிரார்த்தித்து அழைக்கவில்லை. இரண்டையும் பார்ப்பதென்றால் 1973 படத்தை முதலில் பாருங்கள், நடுவில் ‘ஹை நூன்’ ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு ‘பேல் ரைடர்’ போங்கள். பன்னிரண்டு வருடத்தில் அந்த ஆவி எவ்வளவு சாந்தமாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரியும், எனக்கென்னவோ கோபமான ஆவியைத்தான் பிடித்திருக்கிறது.